ஒரே நாளில் இரண்டு லேப், இரண்டு ஐ.என்.ஆர்.: அம்மாவுக்கு எதை நம்புவது?

காசிமேட்டுப் பையன் (திங்கள், மாலை 5.10)

வணக்கம். அவசரமாகக் கேட்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 56 வயது. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலில் இதய வால்வு கெட்டுப்போய், 2012-ல் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். ராத்திரி கரண்ட் போய் ஃபேன் நின்றுவிட்டால் பக்கத்தில் படுத்திருக்கும் எனக்கே அந்த டிக் டிக் சத்தம் கேட்கும், வீட்டில் அதற்கு 'அம்மா கடிகாரம்' என்றே பேர். அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை, தினமும் சாயந்தரம் ஏழு மணிக்கு. மாதம் ஒரு தடவை ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும் (ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் எண்; ஏறினால் ரத்தக்கசிவு பயம், இறங்கினால் ரத்தக்கட்டி பயம்). 2.5-லிருந்து 3.5-க்குள் இருக்கணும் என்று இதய டாக்டர் நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்.

அம்மா காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிற வேலை. அரைநாள் லீவு போட்டு பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாது என்று வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் சின்ன லேபில்தான் எப்போதும் பார்ப்போம், ஒரு மணி நேரத்தில் ரிப்போர்ட் தருவார்கள். இன்று காலை அங்கே பார்த்ததில் ஐ.என்.ஆர். 4.1. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சந்தேகத்தில் பதினொரு மணிக்கு எம்.சி. ரோடு பக்கம் வேறொரு லேபுக்குக் கூட்டிப்போனேன். அங்கே 2.7!

முதல் ரிப்போர்ட்: பி.டி. (ரத்தம் உறைய ஆகிற நேரம்) 37.2 விநாடி, கன்ட்ரோல் (நார்மல் ரத்தத்துக்கு ஆகிற நேரம்) 12.4, ஐ.என்.ஆர். 4.1.
இரண்டாவது: பி.டி. 31 விநாடி, கன்ட்ரோல் 12, ஐ.என்.ஆர். 2.7.

நடுவில் மூணு மணி நேரம்தான். அம்மா சாப்பிட்டது இரண்டு இட்லி, ஒரு டீ. ஒன்று மாத்திரையை நிறுத்து என்கிறது, இன்னொன்று எல்லாம் சரி என்கிறது. ஏழு மணிக்கு மாத்திரை கொடுக்கவா வேண்டாமா? இந்த விரலில் குத்தி ஒரு நிமிஷத்தில் பார்க்கிற மெஷினை வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை தீருமா? யாராவது வைத்திருக்கிறீர்களா?


தண்டையார்பேட்டை லேப்காரி (திங்கள், மாலை 5.35)

தம்பி, பதினான்கு வருஷமாக லேபில் ரத்தம் எடுக்கிறவள் சொல்கிறேன், முதலில் மாத்திரை விஷயம். அதை இங்கே யாரும் முடிவு செய்யக் கூடாது, நானும்கூட. இப்போதே இதய டாக்டருக்கு போன் போட்டு இரண்டு எண்ணையும் சொல்லுங்கள், இரண்டும் ஒரே நாள் என்பதையும் சேர்த்து. 4.1-ஐ மட்டும் சொன்னால் நிறுத்து என்பார், 2.7-ஐ மட்டும் சொன்னால் கொடு என்பார். அசிட்ரோம் உடம்பை விட்டு சீக்கிரம் போகிற மாத்திரை, வார்ஃபரின் மாதிரி நாள்கணக்கில் தங்காது. தப்பான ரிப்போர்ட்டை நம்பி இரண்டு நாள் நிறுத்தினால் உலோக வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ள அதுவே போதும்.

போன் பேசிவிட்டு வந்து மூணு விஷயம் சொல்லுங்கள். முதல் லேபில் ரத்தம் எப்படி எடுத்தார்கள்? சிரிஞ்சிலா, நேராக ட்யூபிலா? நீல மூடி ட்யூபில் ரத்தம் எதுவரை இருந்தது? ரிப்போர்ட்டின் மூலையில் ஐ.எஸ்.ஐ. என்று ஒரு எண் போட்டிருக்கிறதா?

இன்னொன்றும் உண்டு. பத்து நாளுக்குள் அம்மா புதிதாக ஏதாவது மாத்திரை சாப்பிட்டார்களா, சளி, பல்வலி, வயிற்றுப்போக்கு எதற்காக இருந்தாலும்?


காசிமேட்டுப் பையன் (திங்கள், மாலை 6.20)

அக்கா, ரொம்ப நன்றி. டாக்டர் கிடைத்தார். இன்று வழக்கம்போல் மாத்திரை கொடு, வெள்ளிக்கிழமை மறுபடி ஒழுங்கான இடத்தில் டெஸ்ட் எடுத்துவிட்டு ரிப்போர்ட் அனுப்பு என்றார்.

முதல் லேபில் இருந்தது புதுப் பையன். அம்மா கையில் நரம்பு சீக்கிரம் கிடைக்காது. ரப்பரைக் கட்டிவிட்டு ரொம்ப நேரம் தட்டித் தட்டிப் பார்த்தான், இரண்டாவது குத்தில்தான் வந்தது. சிரிஞ்சில் எடுத்தான், அப்புறம் ஊசியைக் கழற்றி முதலில் ஊதா மூடி ட்யூபில் ஊற்றினான் (சர்க்கரை, ஹீமோகுளோபின் எல்லாம் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தோம்), மிச்சத்தை நீல மூடியில். பாதி ட்யூப்தான் இருக்கும். அம்மாவே "இவ்ளோ போதுமா கண்ணு?" என்று கேட்டார். "போதும்மா"ன்னான்.

ஐ.எஸ்.ஐ. முதல் ரிப்போர்ட்டில் 1.28, இரண்டாவதில் 1.05. அது என்ன என்று எனக்குத் தெரியாது. மாத்திரை பற்றி அம்மாவிடம் கேட்டேன், ஒன்றும் இல்லை என்கிறார்.


வேகம் வேலு (திங்கள், மாலை 6.41)

ப்ரோ எதுக்கு இந்த மெஷின், லேப், தலைவலி எல்லாம்? இப்போ புது மாத்திரைகள் வந்துவிட்டன, டாபிகாட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான். டெஸ்ட்டே வேண்டாம், கீரை சாப்பிடலாம். கால் நரம்பில் ரத்தக்கட்டி வந்த என் மாமா அதைத்தான் சாப்பிடுகிறார், ஜம்மென்று இருக்கிறார். டாக்டரிடம் மாற்றச் சொல்லுங்கள்.


பெரம்பூர் ஃபிட்டர் (திங்கள், இரவு 7.15)

வேலு தம்பி, உங்கள் மாமாவுக்கு அது சரி. உலோக வால்வு வைத்தவனுக்கு அது ஆகாது, இதில் இரண்டாவது பேச்சே கிடையாது. டாபிகாட்ரானை உலோக வால்வு வைத்தவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள், ரத்தக்கட்டியும் கூடியது, ரத்தக்கசிவும் கூடியது, பாதியிலேயே நிறுத்தி 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். ருமாட்டிக் வால்வு நோயோடு இதயத் துடிப்பும் தாறுமாறாக ஓடுகிறவர்களுக்கு ரிவராக்சபான் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி 2022-ல் வந்தது, அதிலும் பழைய மாத்திரைதான் ஜெயித்தது. டாக்டரிடம் மாற்றச் சொல்லுங்கள் என்று யாரும் எழுதாதீர்கள், படித்துவிட்டுப் போய் தானாக மாற்றிக்கொள்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

நானும் வால்வு ஆள்தான். அயோர்ட்டிக் வால்வு, நம்ம ஊர்ச் சரக்கு, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் உருவாக்கிய சித்ரா வால்வு. 1990 டிசம்பரில் முதல் ஆளுக்கு வைத்தார்கள். வெளிநாட்டு வால்வு வாங்க வழியில்லாத எத்தனையோ பேரை அது காப்பாற்றியிருக்கிறது. ரயில்பெட்டி கேரேஜ் ஒர்க்ஸில் வேலை பார்த்தபோது ஷிப்ட் மாறி மாறி லேப் போக முடியாமல்தான் விரல் மெஷின் வாங்கினேன், ஆறு வருஷமாக வைத்திருக்கிறேன். அதனால் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன்.

மெஷின் நல்லதுதான். டெஸ்ட் பட்டையை (ஸ்ட்ரிப்) அதில் செருகி, விரலில் குத்தி, ஒரு சொட்டை விட்டால் ஒரு நிமிஷத்தில் எண் வந்துவிடும். பட்டைக்குள்ளேயே ரத்தத்தை உறைய வைக்கிற மருந்து தடவியிருக்கும், உறைகிற நேரத்தை மெஷின் தானே ஐ.என்.ஆர். ஆக மாற்றிவிடும். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற வேலை எல்லாம் இல்லை. ஆனால் யார் வாங்கினாலும் மெஷின் விலையைப் பார்த்து ஏமாறக் கூடாது, பர்ஸைக் கடிப்பது பட்டைதான். காலாவதி தேதி பார்த்து வாங்கணும், டப்பாவை நன்றாக மூடி வைக்கணும், நம்ம ஊர் மே மாச வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்துவிட்டு அப்புறம் மெஷின் பொய் சொல்கிறது என்று குறை சொல்லக் கூடாது.

குத்துவதற்கு முன் கையை வெந்நீரில் கழுவி ஈரம் இல்லாமல் துடைக்கணும். முதல் குத்தில் வந்த சொட்டையே உடனே விடணும், பதினைந்து விநாடிக்குள். விரலைப் பிழிந்து பிழிந்து எடுத்தால் சதைநீர் கலந்துவிடும், எண் கெட்டுவிடும். நான் முதல் மாதம் பூராவும் பிழிந்துதான் எடுத்தேன், எட்டுப் பட்டை வீண்.

இதைவிட முக்கியமானது, வாங்கின முதல் வாரம் மெஷினிலும் பார்த்து, அதே நேரத்தில் கையில் ரத்தம் எடுத்து நல்ல லேபிலும் கொடுங்கள். இரண்டுக்கும் 0.5-க்குள் வித்தியாசம் இருந்தால் ஓகே. மெஷினில் நாலரைக்கு மேல் காட்டினால் அதை நம்பி எதுவும் செய்யாமல் லேபில் சரிபார்க்கணும், எண் ரொம்ப ஏறினால் அதன் கணக்கு தடுமாறும். ரத்தசோகை ரொம்ப இருந்தாலும் தப்பாகக் காட்டும்.


தண்டையார்பேட்டை லேப்காரி (திங்கள், இரவு 9.50)

ட்யூட்டி முடிந்து வந்து எழுதுகிறேன். ஃபிட்டர் அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆன்ட்டிபாஸ்போலிப்பிட் என்று ஒரு நோய் இருக்கிறது, அடிக்கடி கரு கலைவது, சின்ன வயதிலேயே ரத்தக்கட்டி வருவது எல்லாம் அதில் வரும். அது இருக்கிறவர்களுக்கு விரல் மெஷின் தப்பான எண்ணைக் காட்டலாம், அவர்கள் லேபையே நம்பணும்.

இப்போது தம்பியின் ரிப்போர்ட். எழுதியதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அந்தப் பையனை மட்டும் சொல்லிப் பயனில்லை, யாரும் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

நீல மூடி ட்யூபுக்குள் கொஞ்சம் தண்ணி மாதிரி இருக்குமே, அது சோடியம் சிட்ரேட். ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கால்சியம் இல்லாமல் ரத்தம் உறையாது. லேபில் நாங்கள் ரத்தத்தைச் சுழற்றி மேலே தெளிகிற பிளாஸ்மாவை எடுத்து, 37 டிகிரி சூட்டில் வைத்து, கால்சியம் கலந்த ரீஏஜென்ட்டை (உறைய வைக்கிற மருந்து) விட்டு, எத்தனை விநாடியில் உறைகிறது என்று பார்ப்போம். அதுதான் பி.டி., 1935-ல் ஆர்மண்ட் குவிக் என்ற அமெரிக்க டாக்டர் கொண்டுவந்தது. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்று அளந்துதான் ட்யூபில் போட்டு வருகிறது. கோடுவரை ரத்தம் வந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். பாதிதான் ஊற்றினால் சிட்ரேட் மிஞ்சிவிடும், மிஞ்சினது நாங்கள் விடுகிற கால்சியத்தையும் விழுங்கிவிடும். ரத்தம் லேட்டாக உறையும். விநாடி ஏறும். ஐ.என்.ஆர். ஏறும். நோயாளிக்கு ஒன்றுமே ஆகியிருக்காது, மெஷினும் சரியாகத்தான் வேலை செய்திருக்கும்.

ஊதா மூடியை முதலில் ஊற்றியதும் தப்பு. அதில் இருக்கிற இ.டி.டி.ஏ. என்கிற மருந்து சிட்ரேட்டைவிட இறுக்கமாகக் கால்சியத்தைப் பிடிக்கிறது. ட்யூபின் வாயில் சிரிஞ்சு முனை பட்டு ஒரு துளி இந்தப் பக்கம் வந்தாலும் போச்சு. எப்போதும் நீல மூடிதான் முதலில். பட்டர்ஃபிளை ஊசியில் எடுத்தால் அந்த நீளக் குழாயில் இருக்கும் காற்று ட்யூபுக்குள் போய் ரத்தம் குறையும், அதனால் அதற்கு முன்னால் ஒரு ட்யூப் ரத்தம் எடுத்துக் கீழே ஊற்றிவிட்டுத்தான் நீலத்தை மாட்டணும். ரப்பரை ஒரு நிமிஷத்துக்கு மேல் கட்டி வைக்கக் கூடாது. எடுத்ததும் மூணு நாலு தடவை மெல்லத் தலைகீழாகக் கவிழ்க்கணும், சோடா பாட்டில் மாதிரி குலுக்கக் கூடாது.

இனி ஐ.எஸ்.ஐ. ஒவ்வொரு கம்பெனி ரீஏஜென்ட்டுக்கும் வேகம் வேறு, அதனால் இரண்டு லேபின் விநாடிகளை ஒப்பிடவே கூடாது. இந்தக் குழப்பம் தீரத்தான் 1983-ல் உலக சுகாதார நிறுவனம் ஐ.என்.ஆர். முறையைக் கொண்டுவந்தது. நோயாளி விநாடியைக் கன்ட்ரோல் விநாடியால் வகுத்து, வருகிற எண்ணை ஐ.எஸ்.ஐ. அளவுக்கு அடுக்கு ஏற்றணும். உங்கள் முதல் ரிப்போர்ட்டில் 37.2-ஐ 12.4-ஆல் வகுத்தால் சரியாக 3. அதை 1.28 அடுக்கு ஏற்றினால் 4.1. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், கணக்கு சரிதான். ஆனால் ஐ.எஸ்.ஐ. அதிகமாக இருக்கிற ரீஏஜென்ட் மந்தமான ரீஏஜென்ட், அதில் விநாடி குறைவாகத்தான் வரணும். அம்மாவின் உண்மையான அளவு 2.7 என்றால் அந்த லேபில் 27 விநாடி பக்கம்தான் வந்திருக்கணும். பத்து விநாடி கூடியிருக்கிறது. அதனால்தான் ட்யூபின் மேல் எனக்குச் சந்தேகம்.

நான் சொல்வது யூகம்தான், ட்யூபை நான் பார்க்கவில்லை. ரீஏஜென்ட் புது லாட் வந்ததும் மெஷினில் பழைய ஐ.எஸ்.ஐ.யையே விட்டுவைப்பதும் நடக்கிறதுதான். அப்படி விட்டால் அன்று வருகிற எல்லாருடைய ரிப்போர்ட்டும் ஒரே பக்கம் சாயும்.

வெள்ளிக்கிழமை போகும்போது கூச்சப்படாமல் சொல்லுங்கள்: "வால்வு பேஷன்ட், அசிட்ரோம் சாப்பிடுறாங்க, நீல ட்யூப் முதல்ல, கோடுவரைக்கும்." கோடு வரவில்லை என்றால் புது ட்யூபில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். பாதி ட்யூபைத் திருப்பி அனுப்புகிற லேப்தான் நல்ல லேப்.


வியாசர்பாடி அம்மா (செவ்வாய், காலை 10.05)

இந்தப் பேச்சைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மனசு வரவில்லை. என் பையனுக்கு ஹீமோஃபீலியா, இப்போது பதினொரு வயது. உங்களுக்கு ரத்தம் உறையக் கூடாது என்று கவலை, எங்களுக்கு உறைய மாட்டேன் என்கிறதே என்று கவலை. ஆனால் நீல மூடி ட்யூப் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான்.

தவழ ஆரம்பித்தபோது முழங்கால் வீங்கிக்கொண்டே இருந்தது, எங்கேயோ அடிபட்டிருக்கும் என்று எண்ணெய் தடவினோம் (தடவவே கூடாது என்று அப்புறம்தான் தெரிந்தது). ஒரு லேபில் பி.டி. மட்டும் பார்த்துவிட்டு நார்மல், ரத்தம் நன்றாக உறைகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஹீமோஃபீலியாவில் பி.டி. நார்மலாகத்தான் இருக்கும்! ஏ.பி.டி.டி. என்கிற இன்னொரு டெஸ்ட்தான் நீளும். இது தெரியாமல் ஐந்து மாதம் போனது. அதனால் ஃபிட்டர் அண்ணன் சொல்கிற விரல் மெஷினை வாங்கி, குழந்தைக்கு அடிக்கடி ரத்தம் வருகிறதே, பார்த்துவிடலாம் என்று யாரும் நினைக்காதீர்கள். அது இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும்.

அடுத்த லேபில் ஏ.பி.டி.டி. நீண்டிருந்தது. பையன் பிளாஸ்மாவோடு நல்ல பிளாஸ்மாவைப் பாதிக்குப் பாதி கலந்து மறுபடி பார்த்தார்கள், சரியாகிவிட்டது. சரியானால் ஏதோ ஒரு ஃபேக்டர் (ரத்தத்தை உறைய வைக்கிற புரதம்) குறைவு, சரியாகவில்லை என்றால் உறைவதைத் தடுக்கிற எதிர்ப்பொருள் இருக்கிறது என்று அர்த்தமாம். குழம்பு காரமாக இருந்தால் தேங்காய்ப்பால் ஊற்றிப் பார்ப்போமே, அந்த மாதிரி என்று நானாகப் புரிந்துகொண்டேன். அப்புறம் எட்டாம் ஃபேக்டர் அளந்தார்கள், ஒரு சதவீதத்துக்கும் கீழே.

லேப்காரி அக்காவிடம் ஒரு கேள்வி. முதல் தடவை ஃபேக்டர் டெஸ்ட்டுக்கு ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து ஆட்டோவில் அனுப்பினார்கள். அதைக் கேட்டுவிட்டு ரத்தநோய் டாக்டர் கோபப்பட்டு மறுபடி எடுக்கச் சொன்னார். மீன் என்றால் ஐஸில் வைக்கிறோம், ரத்தத்தை வைத்தால் என்ன?


தண்டையார்பேட்டை லேப்காரி (செவ்வாய், மதியம் 1.30)

டாக்டர் கோபப்பட்டது சரிதான். பிரிக்காத ரத்தத்தைக் குளிரில் வைத்தால் எட்டாம் ஃபேக்டரும் வான் வில்லிபிராண்ட் ஃபேக்டரும் குறைந்துபோகும், இல்லாத நோய் இருக்கிற மாதிரி காட்டும். ஏழாம் ஃபேக்டர் குளிரில் உசுப்பப்பட்டு பி.டி. குறைவாகக் காட்டும். சாதாரண அறைச் சூட்டில்தான் வைக்கணும். பி.டி.க்கு மூடி திறக்காத ட்யூப் 24 மணி நேரம் தாங்கும், ஏ.பி.டி.டி.க்கு நாலு மணி நேரம்தான். அதற்குள் லேபுக்குப் போகாது என்றால் பிளாஸ்மாவைப் பிரித்து ஃப்ரீசரில் கட்டியாக்கித்தான் அனுப்பணும். காலையில் எல்லாத் தெருவிலும் வசூல் பண்ணி மதியம் பைக்கில் மெயின் லேபுக்குக் கொண்டுபோகிற இடங்களில் ஏ.பி.டி.டி. கொடுக்கும்போது எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தேங்காய்ப்பால் உவமையை இனி எங்கள் லேபில் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.


ரிட்டயர்டு சிஸ்டர் (செவ்வாய், இரவு 8.15)

மீஞ்சூர் பக்கம் கேஷுவாலிட்டியில் ரொம்ப வருஷம் இருந்தவள். ரேபிட் டெஸ்ட் என்றதும் எல்லாரும் மெஷின், பட்டை என்றே பேசுகிறீர்கள். நாங்கள் ஒரு கண்ணாடி ட்யூபை வைத்துக்கொண்டு உயிரைக் காப்பாற்றியிருக்கிறோம்.

வயலில், சவுக்குத் தோப்பில் பாம்பு கடித்து வருவார்கள். கண்ணாடிவிரியன் என்றால் விஷம் ரத்தத்தில் உறைகிற சரக்கையெல்லாம் தின்று தீர்த்துவிடும். நாங்கள் இரண்டு மில்லி ரத்தம் எடுத்துப் புதுக் கண்ணாடி டெஸ்ட் ட்யூபில் விட்டு, ஆடாமல் அசையாமல் 20 நிமிஷம் வைப்போம். யாரும் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. 20 நிமிஷம் ஆனதும் ஒரே தடவை சாய்ப்போம். கட்டியாக நின்றால் சரி. தண்ணியாக ஓடினால் விஷமுறிவு ஊசி. ஆறு மணி நேரம் கழித்து மறுபடி இதே டெஸ்ட். கரண்ட் வேண்டாம், ரீஏஜென்ட் வேண்டாம். நாகம், கட்டுவிரியன் கடிக்கு இது காட்டாது, அதில் நரம்புதான் அடிபடும், கண் இமை சொருகுகிறதா என்று பார்க்கணும்.

இதிலும் ட்யூப்தான் வில்லன். புதிதாக வந்த ஆயா ஒருத்தி சுத்தக்காரி, ட்யூபை எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவிப் பளபளவென்று அடுக்கி வைத்தாள். அன்று ராத்திரி வந்தவனுக்கு ரத்தம் உறையவில்லை. கூட வந்த அவன் தம்பி ரத்தத்தையும் வேறு ட்யூபில் எடுத்துப் பார்த்தோம், பாம்பே கடிக்காத அவனுக்கும் உறையவில்லை! கண்ணாடியின் மேல் பட்டால்தான் உறைகிற வேலை தொடங்கும், சோப்பு தடவின கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் அது நடக்காது. அன்றிலிருந்து கழுவின ட்யூப் அந்தப் பக்கமே வராது.

காசிமேட்டுத் தம்பிக்கு இரண்டு வார்த்தை. அம்மா மாத்திரை ஒன்றும் இல்லை என்றால் அதை நம்பாதே. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கினதை அம்மாக்கள் மாத்திரை என்றே கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அவர் முந்தானை முடிச்சை, மீன் கூடையை, சாமி படத்துக்குப் பின்னால் எல்லாம் பார். அப்புறம், கருப்பாக மலம் போனாலோ, பொறுக்க முடியாத தலைவலி வந்தாலோ, கை கால் ஒரு பக்கம் இழுத்தாலோ டெஸ்ட்டுக்கெல்லாம் காத்திருக்காதே, நேராக கேஷுவாலிட்டி. உங்கள் வீட்டுக் கடிகாரச் சத்தம் மங்கினாலும், அதோடு மூச்சு வாங்கினாலும் அப்படித்தான், அது வால்வில் கட்டி உட்கார்ந்திருப்பதற்கு அடையாளமாக இருக்கலாம். எங்கே போனாலும் யார் ஊசியை எடுத்தாலும் "உலோக வால்வு" என்று முதல் வார்த்தையாகச் சொல்லு. ஐ.என்.ஆர். ஏறியிருக்கிறது என்று அவசரப்பட்டு வைட்டமின் கே ஊசியைப் போட்டுவிட்டால் அது ஒரேயடியாக இறங்கிவிடும், அப்புறம் மறுபடி ஏற்றுவது பெரிய பாடு.


காசிமேட்டுப் பையன் (வெள்ளி, இரவு 9.00)

சிஸ்டரம்மா, உங்கள் கால் எங்கே இருக்கிறது, விழுந்து கும்பிடணும். சாமி படத்துக்குப் பின்னால் இல்லை, அரிசி டப்பா மூடியில் இருந்தது. கடைவாய்ப் பல்வலிக்கு சனிக்கிழமையிலிருந்து மெட்ரோனிடசோல், தினம் மூணு வேளை. "அது பல்லுக்குடா, இது நெஞ்சுக்கு"ன்றார். இரண்டும் ஒரே வயிற்றுக்குள்தானே போகுது என்றால் முறைக்கிறார்.

டாக்டருக்கு செவ்வாய் ராத்திரியே சொல்லிவிட்டேன். அசிட்ரோமின் வேகத்தை ஏற்றிவிடுகிற மாத்திரைகளில் இது முக்கியமானது என்று சொல்லி அதை நிறுத்தச் சொன்னார், பல் டாக்டரிடம் வால்வு விஷயத்தைச் சொல்லி வேறு எழுதி வாங்கினோம். இன்று எம்.சி. ரோடு லேபில் நீல ட்யூப் முதலில், கோடுவரைக்கும், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். 3.8 வந்திருக்கிறது. ஆக திங்கள் அன்று 2.7-உம் உண்மை, இப்போது 3.8-உம் உண்மை, அந்த 4.1 மட்டும்தான் பொய். ஆனால் அந்தப் பொய் வராமல் இருந்திருந்தால் நான் இங்கே கேட்டிருக்கவே மாட்டேன், அம்மா பல் மாத்திரையை முழுசாகச் சாப்பிட்டு முடித்திருப்பார். இதை யோசித்தால் தலை சுற்றுகிறது. டாக்டர் இன்று ஒரு வேளை அளவைக் குறைத்து, செவ்வாய்க்கிழமை மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

லேப்காரி அக்கா, பக்கத்துத் தெரு லேபுக்கும் போனேன், சண்டைக்கு இல்லை. அந்தப் பையனிடம் ட்யூப் கோட்டைக் காட்டினேன். "அது கம்பெனி டிசைன்னு நெனச்சேண்ணா"ன்றான்.


பெரம்பூர் ஃபிட்டர் (வெள்ளி, இரவு 9.25)

பெரிய கண்டம் தாண்டியாச்சு. மெஷின் வாங்குவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை என்னுடையதைக் கொண்டுவருகிறேன், அம்மாவுக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். ஊசி முனை புதுசு போட்டுக்கொள்ளலாம், பட்டை இரண்டு என் கணக்கு. வஞ்சிரம் ஒரு துண்டு கொடுத்தால் கணக்கு நேர்.

கீரை பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன், அதில் இருக்கிற வைட்டமின் கே இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். விடவும் வேண்டாம், திடீரென்று அள்ளிச் சாப்பிடவும் வேண்டாம். வாரத்துக்கு எத்தனை நாள் முருங்கைக்கீரையோ அத்தனை நாளே எப்போதும். அதைக் கணக்கில் வைத்துத்தான் மாத்திரை அளவு போடுவார்கள்.


காசிமேட்டுப் பையன் (ஞாயிறு, மாலை 4.40)

ஃபிட்டர் அண்ணன் வந்துவிட்டுப் போனார். அம்மா காலையில் நாலு மணியிலிருந்து ஐஸில் கை வைத்து மீன் வெட்டின ஆள், விரல் எல்லாம் சில்லென்று மரத்துப்போய், தோலும் காய்த்துக் கிடக்கிறது. முதல் குத்தில் ஒன்றும் வரவில்லை, அண்ணன் பிழிய விடவே இல்லை. வெந்நீர் வைத்துக் கையை ஐந்து நிமிஷம் ஊற வைத்து, வேலை செய்யாத இடது கை மோதிர விரலில் குத்தினதும்தான் ஒரு சொட்டு வந்தது. 3.3.

செவ்வாய் லேபில் எடுக்கும்போது பக்கத்திலேயே மெஷினிலும் பார்த்து ஒப்பிடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம், அப்புறம்தான் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு. அம்மா மட்டும் இன்னும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "சங்கரா முள்ளு குத்துனா பாவாடை நனையுற வரைக்கும் நிக்க மாட்டேங்குது, இவனுங்க கேட்டா மட்டும் ஒரு சொட்டு வர மாட்டேங்குது பாரு" என்கிறார்.